இரண்டாவது முடிச்சு

படகு கிளப்பில் கத்தரி அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். வேகமாகச் சொன்னால் காய்கறிக் கடை ஞாபகம் வரும் என்பதற்காகவே சிலர் வேகமாகச் சொல்வார்கள். அவள் ஒரு முறை முறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். இடுப்பில் எந்நேரமும் ஒரு கத்தரி தொங்கும். இடது கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரி அது. வேறு யாராவது எடுத்து வெட்டிப் பார்த்தால் துணி மடங்குமே தவிர வெட்டுப்படாது. அதனால் பதினெட்டு வருஷமாக அதை யாரும் இரவல் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்க மாட்டாள்.

அவள் வேலை படகுகளுக்குப் பாய் தைப்பது. கிளப்பின் மாடி முழுக்க அவளுடைய ராஜ்ஜியம். பெரிய பாயை விரித்துப் போட வேண்டுமென்பதால் நாற்காலி மேசை எதுவும் கிடையாது, வழவழவென்று தேய்ந்த பலகைத் தரை மட்டும்தான். செருப்போடு யாரும் உள்ளே வரக் கூடாது. தையல் மெஷின் தரைக்கு மேல் இல்லை, தரையில் வெட்டிய ஒரு குழிக்குள் இருந்தது. பாய் தரையோடு தரையாக மெஷினுக்குள் போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. குழிக்குள் இறங்கி உட்கார்ந்தால் அவளுடைய முகவாய் தரை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும். வருகிறவர்களின் கால்தான் முதலில் தெரியும். முகம் பார்ப்பதற்கு முன்பே காலைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவாள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. நூல் நுனி ஒன்று எங்காவது தொங்கினால் அவளால் பொறுக்க முடியாது. ஒரு தடவை ஆண்டு விழாவில் தலைவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் சட்டைக் கையில் ஒரு நூல் காற்றில் ஆடியது. இவள் விறுவிறுவென்று மேடையேறி, பின்னாலிருந்து அதை நறுக்கிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். தலைவர் பேச்சை மறந்து போனார். கூட்டத்துக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குணம்தான் பிற்பாடு ஒரு மனிதன் வாழ்க்கையில் விளையாடியது.

அந்த மனிதன் அவளுடைய கொழுந்தன், கணவனின் தம்பி. ஒரே வீட்டில் மாடியில் இவர்களும் கீழே அவனும் அவன் மனைவி மகளும் குடியிருந்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன் இவள்தான் மேனேஜரிடம் நின்று பேசி அவனைக் கிளப்பில் கயிற்று வேலைக்குச் சேர்த்துவிட்டாள். அதிகம் பேசாத ஆள். கயிறு என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். வரும் மாதம் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தன் சாதனையாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த வருஷப் போட்டிக்குப் பெரிய படகுக்குப் புது முன்பாய். மூன்று மாதம் அவள் முதுகை ஒடித்த பாய் அது. பாய்மரத்துக்கு முன்னால் முக்கோணமாக நிற்கும். அதன் பின்மூலையில் ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தில் இரண்டு இழுகயிறுகளைக் கட்ட வேண்டும். ஒன்று படகின் இடப்பக்கமாகவும் இன்னொன்று வலப்பக்கமாகவும் பின்னால் வரும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற கயிறு பாயை இழுத்துப் பிடிக்கும், மற்றது சும்மா கிடக்கும். படகு திரும்பும்போது பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் போகும், வேலையும் மற்றக் கயிற்றுக்கு மாறும். இதற்குப் போடுவது கண்ணி முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகிப் போகாது, வேலை முடிந்ததும் கட்டை விரலால் தள்ளினால் அவிழும். ஒரே ஒரு நிபந்தனை, முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் நுனியாவது மிச்சம் விட வேண்டும். குட்டையாக விட்டால், பாய் அடித்துக்கொள்ளும் குலுக்கலில் முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கழன்றுவிடும். புதுக் கயிறு என்றால் கேட்கவே வேண்டாம். கொழுந்தன் இதை நூறு தடவை சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்.

போட்டியன்று காலையில் அவன் போன் செய்தான்.

“அண்ணி, பாப்பாவுக்குக் காய்ச்சல். டாக்டர்கிட்ட காட்டிட்டு நேரா வந்துடறேன். பாயை மட்டும் ஏத்தி வைங்க. கயித்தை நான் வந்து கட்டிக்கறேன்.”

“நீ மெதுவா வா தம்பி. இங்க ஒண்ணும் குடி முழுகிப் போகலை” என்றாள்.

படகுத்துறையில், படம் எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர் கேமராவோடு காத்துக்கொண்டிருந்தார். புதுப்பாயைக் கட்டி நிறுத்தினால் காற்று ஏறுவதற்குள் நாலு படம் எடுத்துவிடலாம் என்றார். அவளுக்கு மனசு குறுகுறுத்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் தைத்த பாயைப் படம் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். தைத்தவள் நிற்கும்போது யாரும் பிடித்ததில்லை. கொழுந்தன் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்த இரண்டு கயிறுகளையும் எடுத்தாள். முடிச்சு போடத் தெரியாதவள் இல்லை, அவனைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். இடது கைக்காரி என்பதால் அவள் போடுவது மட்டும் கண்ணாடியில் பார்த்த முடிச்சு போலத் திரும்பி இருக்கும்.

முதலில் சரியாகத்தான் கட்டினாள், ஒரு சாண் நுனி விட்டு. பிறகு நாலடி தள்ளி நின்று பார்த்தாள். பளிச்சென்ற வெள்ளைப் பாயின் மூலையில் இரண்டு கயிற்று நுனிகள் எலி வால் போலத் தொங்கின. படத்தில் அதுவும் விழும். அவிழ்த்தாள். மறுபடி கட்டி, நுனி இரண்டு விரற்கடைதான் வெளியே தெரிகிற மாதிரி உள்ளே இழுத்துவிட்டாள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம். படத்தில் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்தாள்.

படகு புறப்படப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொழுந்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“கட்டியாச்சா அண்ணி?”

“ஆச்சு ஆச்சு.”

“ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்” என்று துறைப்பலகையில் காலை வைத்தான்.

“ஏன், நான் கட்டினா ஒழுங்கா இருக்காதா? உன்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே நான்தான். என்னையே சந்தேகப்படறியா?”

போட்டிக்கு வந்து பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் காதோரம் சிவந்துவிட்டது. வைத்த காலை எடுத்துக்கொண்டான்.

இரண்டாவது திருப்பத்தில் அது நடந்தது. காற்று நன்றாக ஏறியிருந்தது. பாய் படபடத்து மறுபக்கம் போய் இழுபட்ட நொடியில் ஒரு முடிச்சு கழன்று கயிறு தண்ணீரில் விழுந்தது. பிடிமானம் போன பாய் பேய் பிடித்தது போல அடித்துக்கொண்டது. படகிலிருந்த மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர், அதைப் பிடித்து அடக்கலாம் என்று முன்னால் போனார். மூலையிலிருந்த வளையம் அவர் புருவத்தில் அறைந்தது. ஏழு தையல். ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

படகைக் கட்டி இழுத்து வந்தபோது முதலில் தாவி ஏறியவன் கொழுந்தன்தான். ஆடிக்கொண்டிருந்த பாய் மூலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மருந்துக்கடைக்காரரை இறக்கிவிட்டான். அவர் சட்டை முழுக்க ரத்தம். கத்தரி அக்கா துறையிலேயே நின்றாள்.

“யார் கட்டினது?” என்று மேனேஜர் கத்தினார்.

பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினார்.

“உன்னைத்தான்யா கேக்கறேன். கயிறு கட்டறது உன் வேலைதானே?”

கொழுந்தன் அவள் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடலாம், இப்போது, இப்போது என்று மூன்று மூச்சு விட்டாள்.

“ஆமா சார். என் வேலைதான்” என்றான் அவன்.

மேனேஜர் எல்லோரையும் பார்த்து, “எதையும் யாரும் தொடாதீங்க. கமிட்டிக்காரங்க வந்து பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் காருக்குப் போனார். கூட்டமும் அவர் பின்னால் போயிற்று. பாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் மட்டும் நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழன்றது ஒரு முடிச்சுதான், இன்னொன்று வளையத்தில் அப்படியே இருக்கிறது. இடது கைக்காரி போட்ட முடிச்சு. கயிறு தெரிந்த யார் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், கிளப்பில் வேறு இடது கைக்காரர் கிடையாது.

இனி அவள் செய்ததை அவளே பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசும். படகில் ஏறி, அந்த முடிச்சை அவிழ்த்தாள். சும்மா அவிழ்த்துவிட்டால் யாரோ தொட்டது தெரிந்துவிடும், ஆகவே திரும்பக் கட்டினாள், வலது கையால், அவன் கட்டுகிற மாதிரி. வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நாலாவது தடவைதான் வந்தது. அழகு பார்க்கிற நினைப்பு பயத்தில் ஓடிப்போயிருந்தது. இப்போது நுனியை ஒரு சாண் தாராளமாக விட்டாள்.

மத்தியானம் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மேனேஜர் அந்த முடிச்சைக் கையில் தூக்கிக் காட்டினார்.

“இது பாருங்க, லட்சணமா கட்டியிருக்கான். நுனியும் சரியா விட்டிருக்கான். அப்போ தெரியாம இல்லை. ஒண்ணை ஒழுங்கா கட்டிட்டு இன்னொண்ணை ஏனோதானோன்னு கட்டியிருக்கான்.”

அவளுடைய நல்ல முடிச்சு அவனுக்குத்தான் வினையாகப் போயிற்று. தெரியாதவன் என்றாலாவது கற்றுக்கொடுப்பார்கள், அலட்சியக்காரனை என்ன செய்வது? கொழுந்தன் கிட்டே வந்து பாய் மூலையைக் கையில் வாங்கினான். முடிச்சின்மேல் கட்டை விரலை வைத்து, நுனி வரை மெல்லத் தடவினான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

“என் முடிச்சு மாதிரிதான் இருக்கு சார்.”

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு என்ன சொல்லிக்கொள்ள முடியும்?

கயிற்று வேலை அவன் கையிலிருந்து போனது. நிரந்தரப் பேச்சும் அடங்கியது. கரையேற்றிய படகுகளின் அடியில் மல்லாந்து படுத்துப் பாசி சுரண்டுகிற வேலையில் போட்டார்கள். மாலையில் வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் பச்சையாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தது. கணவன் ஊர்ப்பட்ட கோபத்தில் இருந்தான்.

“உங்க அண்ணி அவ்வளவு பேர்கிட்ட உன்னைப் பத்திப் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சா. அவ மானத்தை வாங்கிட்டியேடா” என்று தம்பியைப் பிடித்துக்கொண்டான். “அவ இப்போ அங்க எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா? யோசிச்சியா?”

“விடுண்ணா” என்றான் தம்பி.

“என்ன விடறது? அண்ணிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்டியா?”

தம்பியின் மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரி அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள், கரண்டி சரிந்து குழம்பு தரையில் சிந்தியது. துடைக்கும் சாக்கில் குனிந்தவள் வெகு நேரம் நிமிரவில்லை. “அவளுக்கு எவ்வளவு வருத்தம் பாரு” என்றான் கணவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ஆனாலும் அந்த நாக்கை அன்றும் அவள் உபயோகிக்கவில்லை.

ஐந்து வாரம் போனது. அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கிளப் வாசலில் மாட்டினார்கள். வெள்ளைப் பாய், பக்கத்தில் சிரித்துக்கொண்டு அவள், பின்மூலையில் நுனி தெரிந்தும் தெரியாத இரண்டு முடிச்சுகள், அவற்றை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் மாடியேற வேண்டும். அவள் பின்பக்க இரும்புப் படியில் ஏறி இறங்கப் பழகிக்கொண்டாள். அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் மாடிக்கு வந்தார். அவள் குழிக்குள் இருந்தாள். புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்ற சுத்தமான பாதங்களை முதலில் பார்த்தாள், பிறகுதான் புருவத்தின் மேல் இளஞ்சிவப்புத் தழும்பை.

“அன்னிக்கு அந்த அடி அடிச்சும் உங்க பாய் ஒரு இழைகூட விடலைம்மா. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். பின்னாலேயே மேனேஜரும் வந்தார். கையோடு கொழுந்தனை அழைத்து வந்திருந்தார். “சார் வந்திருக்கார், ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடு. மனசுல வச்சுக்க மாட்டார்” என்று அவன் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினார்.

அவள் கண்ணுக்கு நேரே அவன் கால்கள் வந்து நின்றன. விரலிடுக்கெல்லாம் பச்சைப் பாசி. ஈரக் காலோடு இந்தத் தரையில் நிற்கிறோமே என்று கூசி, ஒரு காலை மறு காலின் மேல் வைத்துக்கொண்டிருந்தான். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினை ஓட்டினாள்.

“மன்னிச்சிடுங்க சார்” என்றான். “உங்க கண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது.”

“பரவாயில்லைப்பா. இனிமேலாவது கவனமா இரு.”

“சரிங்க சார்.”

மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. நூல் அறுந்து எப்போதோ வெளியே வந்துவிட்டது. வெறும் ஊசி துணியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் அவள் காலை எடுத்தாள்.

“அந்த முடிச்சு நான் போட்டது” என்றாள், குழிக்குள்ளிருந்தே.

மேனேஜர் சிரித்தார். “அக்கா, கொழுந்தன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அதுக்காக இப்படியா? நாங்கதான் அன்னிக்கு மத்த முடிச்சைப் பார்த்தோமே. அவன் கைதானே அது.”

இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தால் நம்பக்கூட ஆளில்லை. முதல் தப்பை மட்டும் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாளோ என்னவோ, அந்த வழியும் அடைபட்டது. அவள் மெஷின் பக்கம் கிடந்த ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து, இடது கையால் கண்ணி போட்டுத் தரையில் வைத்தாள். நுனி இரண்டு விரற்கடை.

“இதுதான் நான் போட்டது. நீட்டமா விட்டா படத்துல நல்லா இருக்காதுன்னு குட்டையா விட்டேன். தம்பி வந்து பாக்கறேன்னான், நாலு பேர் முன்னால கேலி பண்ணி நிறுத்திட்டேன். நீங்க பாத்த முடிச்சும் என்னுதுதான். எல்லாரும் காருக்குப் போன பிறகு அவுத்துட்டு, அவன் கை மாதிரி மாத்திக் கட்டினேன்.”

வலது கையால் அதையும் கட்டிக் காட்டினாள். இந்தத் தடவை முதல் முறையிலேயே வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மருந்துக்கடைக்காரர் தழும்பைத் தடவிக்கொண்டே இரண்டு முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

அவளை வேலையைவிட்டு நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். நிறுத்தவில்லை, பாய் தைக்க வேறு ஆள் இல்லை. கொழுந்தனைக் கூப்பிட்டுக் கயிற்று வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். படத்தைக் கழற்றிவிட்டார்கள். வீட்டில் கணவன் நாலு நாள் அவளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், “என் வாயாலயே அவனைத் திட்ட விட்டுட்டு நின்னியே” என்று மட்டும் கேட்டான்.

கொழுந்தனிடம் பேச அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அவன் துறையில் உட்கார்ந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போய் நின்றாள்.

“உனக்கு அன்னிக்கே தெரியுமா தம்பி?”

“மூலையை நான்தானே பிடிச்சேன் அண்ணி. கையில பட்டதுமே தெரிஞ்சுது, உங்க முடிச்சுன்னு.”

“அப்புறம் ஏன் சொல்லலை? எனக்காகவா?”

அவன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

“முதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். கமிட்டி வந்ததும் அவங்க முன்னால, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணின தப்புன்னு சொல்லிடலாம்னு நினைச்சேன். நானும் பாக்காம விட்டேன் இல்லையா. அப்புறம் மத்தியானம் முடிச்சைப் பாத்தேன். மாறியிருந்துச்சு.” கையிலிருந்த சுருளை இறுக்கினான். “அதுக்கப்புறம் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு அண்ணி. என் அண்ணி இப்படிப் பண்ணினாங்கன்னு நான் எப்படி நாலு பேர்கிட்ட சொல்றது?”

இத்தனை நாளும் அவமானம் முழுக்கத் தன்னுடையது என்றுதான் நினைத்திருந்தாள். அதில் பாதியை அவனும் தூக்கிக்கொண்டு படகுக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறான்.

இப்போதும் அவன் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறான், மரியாதையில் குறைவில்லை. அவசர நாட்களில் ஆள் போதாமல் போனால் அவளும் கயிறு கட்டுவாள். கட்டி முடித்ததும் துறையை விட்டு நகர மாட்டாள்.

“வந்து பாத்துடு தம்பி” என்பாள்.

அவன் வந்து, அவளுடைய முடிச்சில் விரலை வைத்து, நுனியைச் சாண் போட்டு அளந்து பார்ப்பான். அவன் அளந்து முடிக்கும்வரை அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.